மையத்திலிருந்து பாலர் பள்ளிக்கு

 

சங்கத்தின் ஐம்பது ஆண்டுப் பணிகளைப் பெரியவர்கள் எடுத்துரைத்தார்கள். இளம் வியாபாரிகளாகிய நாங்கள், நம் வீடுகளில் வளர்ந்தும் நம் ஒன்றுகூடல்களில் அதிகம் காணப்படாத பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். பேச்சு தாமதமான பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை ஆகியோரையே சொல்கிறோம்.

சிங்கப்பூரில் இவர்களுக்கு வழி இருக்கிறது. பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொன்னால், கே.கே. மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார். அங்கு பரிசோதித்து, தேவைப்பட்டால் 'எபிக்' எனும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைப்பார்கள். ஆறு வயது வரை அங்கு பயிற்சி பெறலாம். கட்டணத்துக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு உதவி உண்டு.

சிரமம் அடுத்த படியில்தான் வருகிறது. மையத்தில் சிறு குழு. பாலர் பள்ளியில் கே1 வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகள் வரை, கே2 வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருக்கலாம். படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்க மையத்தில் பழகிய பிள்ளை, புதிய வகுப்பில் அந்தப் படம் இல்லாமல் அழுகிறது. ஆசிரியர் அதை அடம் என்று நினைக்கிறார். பிள்ளை படித்ததை மறக்கவில்லை. அதைப் பற்றிய செய்திதான் ஆசிரியருக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கவே 2019இல் 'டிஎஸ்-பிளஸ்' திட்டம் தொடங்கியது. எபிக்கில் நல்ல முன்னேற்றம் கண்ட பிள்ளைக்கு, பயிற்சியாளரே பாலர் பள்ளிக்கு வந்து வகுப்பிலேயே உதவுகிறார். 2023ஆம் ஆண்டின் பிற்பாதியிலிருந்து, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கப் பாலர் பள்ளிகளில் ஓர் ஒருங்கிணைப்பாளரும் நியமிக்கப்படுகிறார்.

ஆனால், வீட்டார் வாய் திறந்தால்தான் இவை முழுப் பயன் தரும். சில வீடுகளில் மருத்துவ அறிக்கையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். "சொன்னால் பள்ளியில் இடம் தரமாட்டார்கள்", "நாளைக்கு அக்காவைப் பெண் கேட்டு வருபவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால், அதன் விலையைக் கொடுப்பது நான்கு வயதுப் பிள்ளை.

ஒரு கடையைக் கைமாற்றும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டு நாம் வருவதில்லை. சரக்குக் கணக்கு, வரவேண்டிய பாக்கி, எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்பது வரை சொல்லித்தான் ஒப்படைக்கிறோம். பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் வாய் மூட வேண்டும்?

ஒரே ஒரு தாள் போதும். பிள்ளை எப்படிக் கேட்கும், எந்தச் சத்தம் ஆகாது, எது அமைதிப்படுத்தும், கழிவறைக்கு எப்படி அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மைய ஆசிரியரையும் பள்ளி ஆசிரியரையும் ஒருமுறை பேச வையுங்கள். சேரும் நாளுக்கு முன்பே பிள்ளையை அழைத்துப்போய் வகுப்பறையைக் காட்டுங்கள். அங்கு எடுத்த படங்களை வீட்டில் தினமும் பாருங்கள். முதல் வாரங்களில் நேரத்தைக் குறைத்துத் தொடங்கலாமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. 'இரண்டு மொழி குழப்பும்' என்று சிலர் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள், இருமொழிச் சூழல் பேச்சு வளர்ச்சியைக் கெடுப்பதாகக் காட்டவில்லை. உம்மாவும் பாட்டியாரும் தமிழில் கொஞ்சட்டும். மையத்தில் காட்டும் அதே படத்தை வீட்டில் தமிழில் சொல்லிக் காட்டட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் வழக்கமான பள்ளிக்குப் போகமாட்டார்கள். சிலருக்குச் சிறப்புப் பள்ளியே பொருத்தம். அது தோல்வி அல்ல. மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் உள்ளடக்குகிறது. அவர்களும் படிக்க வேண்டியவர்கள் என்று நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது.

நாமும் ஏற்றுக்கொள்வோம். விருந்தில் அந்தத் தாயைப் பார்த்தால், "இன்னும் பேசவில்லையா?" என்று கேட்காதீர்கள். "இங்கே உட்காருங்கள், பிள்ளையை நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். பெருநாள் ஒன்றுகூடலில் சத்தம் குறைந்த ஓர் அறையை இவர்களுக்காக ஒதுக்கும்படி நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.