பிள்ளையை எடுப்பதா, வீட்டைத் தாங்குவதா?
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் சபைகளுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "தகப்பன் குடிக்கிறான், பிள்ளை அடிபடுகிறது என்று தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளையை ஏன் அதே வீட்டில் விட்டு வைக்கிறீர்கள்? ஒரு இல்லத்தில் சேர்த்தால் சாப்பாடும் படிப்பும் கிடைக்குமே, செலவை நாங்கள் தருகிறோமே" என்று கேட்கிறீர்கள். அன்பினால் வரும் கேள்வி இது. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. ஆகையால் கிடைத்திருக்கும் இந்த நேரம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்ளுகிறோம்.

முதலில் ஆஸ்பத்திரியில் நடப்பதைச் சொல்லுகிறோம். பிள்ளைகளின் மேல் விழும் அடியை உலகத்துக்குக் காட்டியதில் எக்ஸ்ரே படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-இல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க மருத்துவர், தலைக்குள் இரத்தம் கட்டிய சில குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளிலும் முறிவு இருப்பதைக் கண்டு எழுதினார். 1962-இல் ஹென்றி கெம்பியும் அவருடைய தோழர்களும் அடிபட்ட குழந்தையின் நிலையை ஒரு மருத்துவப் பெயரோடு வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் பல நாடுகளில், சந்தேகம் வந்தால் மருத்துவர் அறிவிக்க வேண்டும் என்ற சட்டங்கள் பிறந்தன.

தவழத் தெரியாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம், காதிலும் முதுகிலும் காயம், ஒன்று ஆறியும் ஒன்று ஆறாமலும் இருக்கும் இரண்டு முறிவுகள், காலையில் ஒரு கதையும் மாலையில் வேறு கதையும் சொல்லும் பெற்றோர். இவற்றைக் கண்டால் எங்கள் மருத்துவர்களும் நர்ஸ்மாரும் நின்று யோசிக்கிறார்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது இயல்பு.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் தடம் உண்டு; அறியாதவர் அதை அடித்த தடம் என்பார்கள். கை முறிந்து நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தால், புத்தகப்படி அது அலட்சியம். நாஞ்சில் நாட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. முதல் மூன்று நாளும் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர்ம ஆசானிடம் போயிருப்பாள். வேறு ஊரில் எழுதிய அளவுகோலை இங்கே கொண்டுவருகிறவர்கள் இதைத் தெரிந்து வர வேண்டும்.

இனி, சந்தேகம் உறுதியானால் என்ன? பாலியல் குற்றமானால் அங்கே யோசிக்க இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்கு அறிவித்தே தீர வேண்டும். அறிவிக்காமல் இருப்பதே குற்றம். சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே, அவள் நம்பும் ஒருவர் அருகிலிருக்கப் பரிசோதிக்கிறார். "குடும்ப மானம் போய்விடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து நிற்பதுண்டு. சபை மூப்பரே வந்தாலும் எங்கள் பதில் ஒன்றுதான்.

மற்றவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி சொல்லுகிறது. மாவட்டந்தோறும் ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு; ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும், அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டை விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். முழு விசாரணையும் நான்கு மாதத்தில் முடிய வேண்டும். பிள்ளையை எடுக்கவும் கொடுக்கவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அறிவிப்பதும், சிகிச்சை தருவதும், கேட்டால் குடும்பத்தோடு கூட நடப்பதுமே எங்கள் பங்கு.

அந்த வீட்டு விசாரணை எப்படி நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும். ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எந்த ஒரு குடும்பத்தையும் நாங்கள் சொல்லவில்லை. பல வீடுகளில் உள்ளதைச் சேர்த்துச் சொல்லுகிறோம். தகப்பன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். தாய் அண்டி ஆபீசில் வேலை செய்கிறாள். எட்டு வயதுப் பையன் முழங்கை முறிவோடு வந்திருக்கிறான். வீட்டில் நான்கு வயதுத் தங்கை. பையன் மரத்திலிருந்து விழுந்தான் என்கிறாள் தாய். பையன் பேசவில்லை.

பணியாளர் முதலில் பிள்ளையைத் தனியே பார்க்கிறார், நாற்காலியில் அமர்ந்தல்ல, அவனோடு தரையில் அமர்ந்து. "அப்பா அடிச்சாரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் பிள்ளை நாம் விரும்பும் பதிலைச் சொல்லும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். "மக்களே, ராத்திரி நீ எங்க படுப்பே? காலையில கஞ்சி யாரு தருவா? வீட்டுல சண்டை வந்தா யாருக்க கிட்ட ஓடுவே?" இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். "கிழக்கு வீட்டு மாமிக்க கிட்ட" என்று பிள்ளை சொன்னால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. "ஆருக்க கிட்டயும் இல்ல" என்றால் பணியாளர் அன்றிரவு வேறு ஏற்பாடு செய்யாமல் வீடு திரும்ப முடியாது.

பிறகு வீட்டைப் பார்க்கிறார். கூரை ஒழுகுகிறதா என்பதற்கு அங்கே பெரிய இடமில்லை. பால்வெட்டுக்காரர் விடியுமுன் போகிறார். தாயும் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிறாள். அந்த நேரம் இரண்டு பிள்ளைகளும் யாரோடு? எந்த நாட்களில் அடி விழுகிறது? இந்தக் கேள்வியில்தான் பல முறை முடிச்சு அவிழ்கிறது. மழைக்காலத்தில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். அந்த வாரங்களில் குடி கூடுகிறது. இப்போது நமக்கு மனிதரும் தெரிகிறார், ஆபத்தான காலமும் தெரிகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஆண்ட்ரூ டர்னல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் என்ற இருவர் களப்பணியாளரோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் அதைக் கையாளுகிறார்கள். நமக்கு என்ன கவலை? இந்த வீட்டில் எது நன்றாக நடக்கிறது? இனி என்ன நடக்க வேண்டும்? இந்த மூன்றையும் குடும்பத்தார் முன்னிலையில் ஒரே தாளில் எழுதுகிறார்கள். பின் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்ல வேண்டும்: பிள்ளைக்கு முழு ஆபத்து என்றால் பூஜ்யம், வழக்கை மூடிவிடலாம் என்றால் பத்து. தகப்பன் எட்டு என்பார், தாய் ஐந்து என்பாள், ஆச்சி இரண்டு என்பாள். ஆச்சியின் அந்த இரண்டில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். இந்த இரண்டாம் கேள்வி, அதாவது எது நன்றாக நடக்கிறது என்பது, நம்மவர்களுக்குப் பழக்கமில்லாதது. குற்றம் கண்டுபிடிக்கப் போன இடத்தில் நன்மையைக் கேட்பானேன் என்று தோன்றும். கேட்டுப் பார்த்தால், குடிக்காத நாளில் மகனைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கு விடும் அதே தகப்பன் வெளியே வருகிறார்.

"இனி அடிக்கமாட்டேன்" என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னாலும் அதைப் பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் ஏற்பதில்லை. திட்டத்தில் ஆள் பெயர் இருக்க வேண்டும், நாள் இருக்க வேண்டும். குடித்த இரவில் தகப்பன் தன் அண்ணன் வீட்டில் படுப்பார். ஆச்சி வந்து பிள்ளைகளோடு தங்குவாள். கிழக்கு வீட்டு மாமி கதவைத் திறந்து வைப்பாள். வகுப்பாசிரியை தினமும் காலையில் பையனை ஒரு கண் பார்ப்பார். தகப்பன் குடி மறக்கும் சிகிச்சைக்கு இன்ன தேதியில் வருவார். யாரும் அகப்படாத வேளையில் 1098-க்குப் போன் செய்யப் பையனுக்கே சொல்லிக் கொடுத்திருக்கும். 1996-இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சைல்டுலைன் எண்ணை 2023 முதல் அரசே நடத்துகிறது. பணியாளர் சொல்லாத நாளிலும் வந்து பார்ப்பார். இப்படிக் கண்காணிப்போடு பிள்ளையைப் பெற்றோரிடமே விட்டுவைக்கச் சட்டம் நலக் குழுவுக்கு இடம் தருகிறது.

எல்லா வீடும் இப்படித் திருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடித்தவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு யாரையும் உள்ளே விடாத வீடு உண்டு. தாயே பிள்ளைக்கு விரோதமாக நிற்கும் வீடும் உண்டு. அங்கே பிள்ளையை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். தாமதித்தால் பிள்ளை சாகும். அப்போதும் முதலில் தேடுவது உறவினரை: சித்தி, தாய்மாமன், ஆச்சி. அதன் பின் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம். இல்லம் கடைசி. ஏழ்மை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டி நெறிகளும் சொல்லுகின்றன.

இந்த இடத்தில் நம்மைப்பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். போர்டிங்கில் தங்கிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர்; இக்கூட்டத்திலும் பலர் இருப்பீர்கள். அந்த நன்றி மறக்கத்தக்கதல்ல. ஆனால் இல்லம் என்ற பெயரில் நடந்த வேறு சிலவும் உண்டு. 2010-இல் படிப்புக்கென்று அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீட்கப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடிருக்க, மொழி தெரியாத ஊரில் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். தமிழ்நாட்டு இல்லங்களைக் குறித்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இல்லங்கள் அனைத்தும் பதிவு பெற வேண்டும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றது. பதிவில்லாத இல்லத்துக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் இதைத் தயவாய்க் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

ஆகவே உங்கள் பணம் எங்கே போகிறது? கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் போவதைவிட, பஸ் கட்டணத்துக்கும் மருந்துக்கும் மழைக்கால அரிசிக்கும் போகிறது. பஸ் கட்டணத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும்! அரசின் உதவியும் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 நெறிகள்படி, தகுதியுள்ள பிள்ளை குடும்பத்தோடு வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வகுத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் விதவைத் தாய் ஒருத்தி ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு என்று எத்தனை வாசல் ஏற வேண்டும்! ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அவளோடு கூடப் போக ஒரு ஆளை அனுப்புவதற்கே நீங்கள் தரும் கைப்பிடி அரிசிப் பணம் உதவுகிறது.

கடைசியாக, படம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் தாங்கும் பிள்ளையின் புகைப்படமும் பெயரும் வேண்டும், வீட்டில் மாட்டி வைப்போம் என்று அன்போடு எழுதுகிறீர்கள். பாதுகாப்புக்கு வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் இடந்தரவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும், நாளைக்கு அதே பள்ளியில், அதே சந்தையில் அந்தப் பிள்ளை நடமாட வேண்டும். ஆகையால் வருகிற இதழ்களிலும் பிள்ளைகளின் படம் இராது. எத்தனை வீடுகளுக்குப் போனோம், எத்தனை முறை போனோம், எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கை வரிக்கு வரி அச்சிட்டு அனுப்புகிறோம். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கு வந்து பேரேட்டைப் பார்க்கலாம்.