மின்கலத்தினுள் ஓர் அவத்தை மாற்றம்

இலிதியம் மின்கலம் மின்னேற்றப்படும்போது அதன் நேர்மின்வாயினின்றும் இலிதியம் வெளியேறுகின்றது. 1997ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் யோன் குடினஃபும் அவர்தம் குழுவினரும் இலிதியம் இரும்புப் பொசுபேற்றை ஆராய்ந்து அறிவித்தனர். அப்பொருளின் மணிகளுக்குள் இலிதியம் நிறைந்த அவத்தையும் இலிதியம் இழந்த அவத்தையும் எல்லை வகுத்து நின்றன. அவ்வெல்லையைக் கடந்து இலிதியம் மெல்லவே செல்லுமாதலின், குறைந்த மின்னோட்டத்திற்கே அது ஏற்றதென அன்று கருதப்பட்டது.

ஆயினும், மணிகளை நனோ அளவிற்குச் சிறிதாக்கிக் காபன் பூசியபோது, அதுவே விரைந்து தொழிற்பட்டது. இன்று மின்பேருந்துகளையும் இயக்குகின்றது. காரணம் யாது? 2014இல் வெளிவந்த ஊடுகதிர் ஆய்வொன்று விடை பகர்ந்தது: விரைந்து மின்னேற்றும்போது சிறுமணிகள் எல்லை வகுத்துப் பிரியாது, இடைநிலைகளினூடே தொடர்ச்சியாக மாறுகின்றன. தொடக்கமும் முடிவும் முன்போலவே, வழிதான் வேறு. ஆதலால் ஒரு பொருளின் வேகத்தை அறிய விழைவோர், அதன் இறுதிநிலைகளோடு அமையாது, அது மாறிச் செல்லும் வழியையும் ஆராய்தல் வேண்டும்.