கேக் வேகிற நேரம் என் படிப்பு நேரம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன வருஷம் ஒரு கடன் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். காப்பீட்டுக்கென்று தனியாகப் பணம் பிடித்தது அப்புறம்தான் தெரிந்தது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனா படிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணினேன்: மாசம் ஒரு புத்தகம், வருஷத்துக்கு 12. நேரத்துக்கு எங்கே போறது? பிள்ளைகள் கேட்ட கேக்தான் கை கொடுத்தது. குக்கர் அடியில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பணும். தண்ணீர் கூடாது; ரப்பரும் வெயிட்டும் கூடாது. மூடி 10 நிமிஷம் சூடாக்கி, கேழ்வரகு மாவுக் கலவையை உள்ளே வைத்து, சிறு தீயில் 40 நிமிஷம் விடணும். அரை மணி வரை திறந்தா நடுவில் அமுங்கிடும். அடுப்பை விட்டு நகரவும் முடியாது. அதுதான் என் படிப்பு நேரம்.

கிளை நூலகத்தில் உறுப்பினராகி முதலில் எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். குக்கரில் கொட்டின உப்புக்குப் பின்னால் எத்தனை பேர் வேர்வை இருக்குன்னு அன்னைக்குத்தான் உணர்ந்தேன்.

10 மாசத்தில் 7 புத்தகம்தான் முடிந்தது. பரவாயில்லை. இந்த முறை கடன் படிவத்தை முழுசாப் படிச்சு, 3 கேள்வி கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்களும் தொடங்குங்கள். கேக் வேண்டாம், இட்லி வேகிற 10 நிமிஷம் போதும். ரெண்டு பக்கம் படிக்கலாம்.