மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் கடைசித் தீர்ப்பல்ல

(வேலையில் காயமடைந்த தொழிலாளரின் ஈ.எஸ்.ஐ. உரிமைகள் பற்றி, தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

இயந்திரத்தில் விரலைப் பறிகொடுக்கும் தொழிலாளிக்கு இரண்டு அடி விழுகிறது. முதல் அடி பவர் பிரஸ்ஸில் விழுகிறது. இரண்டாவது அடி காகிதத்தில் விழுகிறது. முதல் அடியைத் தடுக்க, இயந்திரங்களுக்குக் காப்பு வேண்டுமென்று நாம் நடத்தும் போராட்டம் தனி. இன்று இரண்டாவது அடியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

காயம் ஆறியபின், ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு தொழிலாளியைப் பார்த்து ஒரு சதவீதம் போடுகிறது. அந்தச் சதவீதத்தின்படி நிரந்தர ஊன உதவித்தொகை ஆயுள் முழுவதும் வருகிறது. சதவீதம் தவறாக இருந்தால் அந்தத் தவறும் ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது. ஆனால் நம் தொழிலாளர்களில் பெரும்பாலோர், "டாக்டர்களே எழுதிவிட்டார்கள், இனி நாம் என்ன பேசுவது?" என்று காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இந்த மனநிலையை முதலில் உடைக்க வேண்டும்.

இது யாருடைய பணம்?

1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ், காயமடைந்த தொழிலாளி தன் முதலாளியையே எதிர்த்து வழக்காட வேண்டியிருந்தது. 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-இல் கோவைத் தொழிலாளர்களுக்கு வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசும், அவர் உழைப்பைக் கொண்டு முதலாளி கட்டும் காசும் சேர்ந்ததுதான் இந்த நிதி. ஆகவே உதவித்தொகை கேட்டு நிற்கும் தொழிலாளி யாரிடமும் கையேந்தவில்லை. தன் கணக்கைக் கேட்கிறார்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து, 1923, 1948 சட்டங்கள் இரண்டையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. இந்தத் தொகுப்புச் சட்டங்களை நாம் ஏன் எதிர்க்கிறோம் என்பது 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலேயே நாடறியச் சொல்லப்பட்டது. ஆயினும் மெடிக்கல் போர்டும், காயங்களுக்கான அட்டவணையும் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய மனுவைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கத்தை நம் ஊழியர்கள் விட்டுவிட வேண்டும்.

சதவீதம் எதை அளக்கிறது?

இங்கேதான் பெரும் குழப்பம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் ஒரு சதவீதம் இருக்கிறது. அது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி உடலின் குறைபாட்டை அளப்பது. ஈ.எஸ்.ஐ. போர்டு போடுவது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாக மனுச் செய்ய வேண்டும்.

அட்டவணையில் விரலுக்கு விரல் கணக்கு இருக்கிறது. கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம். சுட்டுவிரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. நடுவிரலுக்கு 12, 9, 7. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7, 6, 5. மனித விரலுக்கு விலைப்பட்டியல் போட்ட சமுதாயம் இது! ஆனால் அந்தப் பட்டியலின்படியாவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது நம் வேலை.

அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. தொழிலாளிகளில் பலர் அதை அறியார்கள். ஓர் உறுப்பு வெட்டுப்படாமல் இருந்தாலும், அதன் உபயோகம் முழுதாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பே போனதற்குச் சமம் என்கிறது அந்தக் குறிப்பு. ஒரே விபத்தில் பல காயங்கள் ஏற்பட்டால், நூறு சதவீதத்துக்கு மேற்படாமல், அவற்றைக் கூட்ட வேண்டும் என்பதும் விதி.

ஒரு கணக்கு

ஒரு தொழிலாளியின் வலது கை பிரஸ்ஸில் சிக்கிற்று என்று வைத்துக்கொள்வோம். சுட்டுவிரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு போயிற்று. மோதிர விரல் கையோடு இருக்கிறது, ஆனால் விறைத்துப்போய் மடங்குவதே இல்லை. போர்டு 11-ஐயும் 7-ஐயும் கூட்டி 18 போடுகிறது. மோதிர விரல் பார்வைக்கு முழுசாக இருப்பதால் கணக்கில் வரவில்லை. அந்த விரல் இனி மடங்கவே மடங்காது என்பது நிரூபணமானால், அதற்கும் 7 சேர்ந்து 25 ஆக வேண்டும்.

ஏழு சதவீதம்தானே என்பார்கள். கணக்குப் போடுவோம். சராசரி தினக்கூலி 600 ரூபாய் என்றால், அதில் 90 சதவீதமான 540 ரூபாய் முழு விகிதம். 18 சதவீதத்துக்கு நாளொன்றுக்கு 97 ரூபாய் 20 காசு. 25 சதவீதத்துக்கு 135 ரூபாய். வித்தியாசம் 37 ரூபாய் 80 காசு. ஆண்டுக்கு 13,797 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு நாலு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல்! மடங்காத ஒரு விரலை ஒரு வரியில் எழுதாமல் விட்டதற்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை இது.

தவறு எங்கே புகுகிறது?

டாக்டர்கள் எல்லோரும் தொழிலாளியின் விரோதிகள் என்று நாம் சொல்லவில்லை. காத்திருக்கும் கூட்டத்தில் சில நிமிஷம் பார்த்து எழுத வேண்டிய நிலைமை அவர்களுக்கு. தவறுகள் புகும் வழிகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் வழி, விபத்து அறிக்கை. காயத்தைச் சிறிதாக்கியோ, ஒரு விரலை மட்டும் குறிப்பிட்டோ நிர்வாகம் எழுதிவிடுகிறது. விபத்தன்றே அதன் நகலைப் பார்த்துத் திருத்தச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, முழுமையற்ற காகிதங்கள். ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்த சீட்டு ஆகியவை போர்டின் முன் இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரிந்த காயம் மட்டுமே எழுதப்படும். நரம்பு செத்த உணர்வின்மை, பிடியின் பலக்குறைவு, மூட்டு விறைப்பு, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது வழியே மிகவும் வேதனையானது. போர்டு, "வேலை செய்ய முடிகிறதா?" என்று கேட்கிறது. தொழிலாளி, "முடியும் சார்" என்கிறார். முடியாது என்று சொன்னால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடுமோ என்ற பயம் அவருக்கு! வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற வதந்தி வேறு. இது பொய். நிரந்தர ஊன உதவித்தொகை பெறுபவர் வேலைக்கும் போகலாம், சம்பளமும் வாங்கலாம். ஆகவே பயப்படாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். "ஸ்பேனரைப் பிடித்தால் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, குளிர் நாளில் விரல் மரத்துப் போகிறது" என்று காரியத்தைச் சொன்னால் போதும்.

எதிர்ப்பது எப்படி?

போர்டின் முடிவை ஏற்காதவர் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, நேராக ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம் என்று 1948 சட்டத்தின் 54-ஏ பிரிவு வகுத்தது. பழைய விதிப்படி மூன்று மாதம் கெடு. நாம் மூன்று மாதம் வரை காத்திருக்கக் கூடாது. முடிவு கைக்குக் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதிவைத்து, முதல் மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். இன்றுள்ள கெடு என்ன என்பதைக் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்கள் காயத்தோடு ஊருக்குப் போய்விடுகிறார்கள். கடிதம் வாடகை அறைக்கு வந்து கிடக்கிறது. அவர்கள் முகவரியையும் போன் நம்பரையும் சங்கம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. தினசரித் தொகை சிறியதாக இருந்தால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ள இடமுண்டு. அப்படி விண்ணப்பித்து வாங்கிவிட்டால், அதன்பின் போர்டின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்று அதே பிரிவு சொல்லிற்று. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மொத்தத் தொகை இனிக்கும். கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வரச் சொல்லுங்கள்.

மனுவில் ஆவேசம் வேண்டாம், விவரம் வேண்டும். போர்டு எழுதிய காயங்கள் எவை, விட்டுப்போன காயங்கள் எவை, அதற்கு எந்த ஆஸ்பத்திரிக் காகிதம் ஆதாரம் என்று வரிசையாக எழுத வேண்டும். எலும்பு டாக்டரிடம் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடியின் பலம் எவ்வளவு என்று அளந்து வாங்க வேண்டும். அவர் செய்த வேலை என்ன, எந்த விரல் எதற்குப் பயன்பட்டது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இணைக்க வேண்டும். இதை எழுதத் தெரிந்தவர் டாக்டருமல்ல, வக்கீலுமல்ல. பக்கத்து மெஷினில் நிற்கும் தொழிலாளிதான்.

வேலையைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? 1975-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தச்சுத் தொழிலாளி ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேலே வெட்டப்பட்டது. இது பகுதி ஊனந்தான் என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நூறு சதவீத இழப்பு என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது. அது 1923 சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. 2010-இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கிலும், உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு, பின்னதைத் தொழிலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் விளக்கிற்று. இவை ஈ.எஸ்.ஐ. வழக்குகள் அல்ல என்பதை மறைக்காமல் சொல்லியே, அந்தத் தத்துவத்தை நம் வாதத்துக்குத் துணையாகக் கொள்ளலாம்.

தோழர்களே! "ஏழு சதவீதத்துக்காக அலைவதா புரட்சி வேலை?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. காயம்பட்ட கையோடு தன்னந்தனியாக ஓர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் பக்கத்தில் போய் உட்காராத சங்கம், நாளை வேலைநிறுத்தத்துக்கு அவரை எந்த முகத்தோடு கூப்பிடும்?

ஆகவே ஒவ்வொரு கிளையும் மூன்று காரியங்களை உடனே தொடங்க வேண்டும். விபத்துப் பதிவேடு ஒன்று சங்க ஆபீஸில் இருக்க வேண்டும். போர்டுக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளியோடும் ஓர் ஊழியர் போக வேண்டும். முடிவுக் கடிதம் வந்த வாரத்திலேயே அதை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இழந்த விரலை நம்மால் திருப்பித் தர முடியாது. ஆனால் அதன் கணக்கில் ஒரு காசும் குறையாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்.