99.99 சதவீதம் கிருமி சாகுது, சரி. எந்த வெளிச்சத்துல?

நேரா ஒரு சின்னக் கதையில ஆரம்பிக்கிறேன்.

2020. என் அக்கா நர்ஸ், கோவிட் வார்டு டியூட்டி. கையில இருந்தது அஞ்சு என்95 மாஸ்க். ஒவ்வொன்னையும் ஒரு பேப்பர் கவர்ல போட்டு, மேல கிழமையை எழுதி, மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க. ஒரு நாள் போன்ல சொன்னாங்க: "உள்ள போறப்போ பயமில்லடா. வெளிய வந்து எல்லாத்தையும் கழட்டுறப்போதான் கை நடுங்குது."

கோவிட் பெரும்பாலும் காத்து வழியா பரவுதுன்னு பின்னாடி தெளிவாச்சு. ஆனா அக்காவோட பயம் சும்மா இல்ல. 2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா வந்தப்போ 800-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று வந்தது. எபோலா நோயாளியோட ரத்தம், வாந்தி பட்டாலே பரவும். கவசத்துக்கு வெளிப்பக்கம் ஒட்டின கிருமி, கழட்டும்போது கைக்கு வரும், கையில இருந்து கண்ணுக்குப் போகும். சாதாரணத் துணி கிருமியைத் தடுக்கும், ஆனா கொல்லாது.

அப்போ கொல்லுற துணி செஞ்சா என்ன? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

ஐடியா ரொம்பப் பழசு. 1900 வாக்குல ம்யூனிக்ல ஆஸ்கர் ராப்னு ஒரு மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த தண்ணியில பாரமீசியத்தை விட்டுப் பாத்தார். இருட்டுல உயிரோட இருந்துச்சு, வெளிச்சம் பட்டதும் செத்துப்போச்சு. சாயம் மட்டும் கொல்லல, வெளிச்சம் மட்டும் கொல்லல. ரெண்டும் சேந்ததுதான் காரணம்.

நடக்கிறது இதுதான். சாய மூலக்கூறு வெளிச்சத்தை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்துல இருக்கிற ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். ஆக்சிஜன் வெறி பிடிச்ச மாதிரி ஆகி, கிட்ட இருக்கிற கிருமியோட மேலுறை, புரதம்னு கிடைச்சதையெல்லாம் தாக்கும். அடி பல இடத்துல விழறதால, ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகுற மாதிரி இதுக்குக் கிருமி சுலபமா பழகிட முடியாது. இந்த ஆக்சிஜனோட ஆயுள் ரொம்ப ரொம்பக் குறைவு. அதனால துணியைத் தொட்ட கிருமிதான் சாகும், தள்ளி இருக்கிறது தப்பிச்சிடும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ்ல கேங் சுன் குழு இதைத் துணியில செஞ்சு காட்டினாங்க. 2018-ல ஒரு நானோ இழைப் படலம்: பகல் வெளிச்சத்துல சார்ஜ் ஏத்திக்கிட்டு, இருட்டுலயும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். பவர் பேங்க் மாதிரி. 2020-ல சாதாரணப் பருத்தித் துணியில ரோஸ் பெங்கால்ங்கிற சாயத்தை ஏத்தினாங்க. கண் டாக்டர்கள் கண்ணோட மேற்பரப்பைப் பரிசோதிக்கப் பயன்படுத்துற அதே சாயம்தான். பகல் வெளிச்சத்துல 60 நிமிஷத்துல 99.99% பாக்டீரியா காலி. கையால 10 தடவை துவைச்சும் வேலை செஞ்சது.

இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிறான். நம்ம ஊர் சர்வர் பாஷையில இது "நாலு ஒன்பது". வருஷத்துக்கு 99.99% அப்டைம்னா, மீதி சுமார் 52 நிமிஷம் சர்வர் படுத்திருக்கும். நம்ம கண்ணு எப்பவும் அந்த மீதி மேலதானே இருக்கும்? கிருமிக்கும் அதே கணக்கு. துணியில 10 லட்சம் பாக்டீரியா இருந்தா, நாலு ஒன்பதுக்கு 100 மிஞ்சும். 2018 படலத்துக்குச் சொன்னது ஆறு ஒன்பது, அதாவது 99.9999%. அதுல மிஞ்சுறது ஒன்னே ஒன்னு. காதுக்கு ரெண்டும் "99 சொச்சம்"தான், வித்தியாசம் நூறு மடங்கு.

ரெண்டாவது கேள்வி: எவ்வளவு நேரத்துல? 60 நிமிஷம்னா, இப்போதான் ரத்தம் தெறிச்ச கவுனை அஞ்சு நிமிஷத்துல கழட்டுறவங்களுக்கு இந்தத் துணி முழுசா உதவாது. ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போடுற கோட்டுக்கும், ஜன்னலோரம் தொங்கவிட்டுத் திரும்பப் போடுற மாஸ்க்குக்கும் நல்லாவே உதவும். அது சின்ன விஷயம் இல்ல. அஞ்சு பேப்பர் கவரை நினைச்சுப் பாருங்க.

மூணாவது: எந்த வெளிச்சத்துல? நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும். ஆஃபீஸ் ரூம்ல 500 லக்ஸ் இருந்தாலே அதிகம். இருநூறுல ஒரு பங்கு! அதோட, துணி மேல ரத்தம், சளி படிஞ்சா அது வெளிச்சத்தையும் மறைக்கும், அந்த ஆக்சிஜனையும் தானே வாங்கிக்கும். நாள் ஆக ஆக சாயமும் வெளுக்கும்.

அதுக்காக இது வேஸ்ட்னு நான் சொல்லல. "கிருமியைக் கொல்லும் துணி"ன்னு ஒரு விளம்பரம் வந்தா மூணு கேளுங்க: எத்தனை ஒன்பது? எவ்வளவு நேரம்? எந்த வெளிச்சம்? மூணுக்கும் பதில் இருந்தா, அது உண்மையிலேயே நல்ல துணி.

ஸ்க்ரிப்ட் முடிச்சதும் அக்காவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. அப்புறம், "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நாங்க டிரெஸ் கழட்டுற ரூம்ல ஜன்னலே கிடையாது. ஒரே ஒரு டியூப்லைட்டு, அதுவும் மினுக் மினுக்னு இருக்கும்"னாங்க.

லேப்ல இருக்கிறவங்க இதையும் ஒரு டெஸ்ட் கேஸா எழுதிக்கோங்க. நீங்களும் ஒரு நர்ஸையோ டாக்டரையோ தெரிஞ்சு வெச்சிருந்தா, அவங்க கழட்டுற ரூம் எப்படி இருக்கும்னு கேட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம். வரட்டா!