தோளினின்று இறங்கிய பிள்ளை



வல்லக்கோட்டை முருகப்பெருமானின் திருமுன்னர்க் கூடியிருக்கும் உங்களுக்குத் திருஞானசம்பந்தப் பெருமானின் பிள்ளைமைப் பருவத்தைப் பற்றிச் சில சொல்ல முற்படுகின்றோம். அவர் வரலாற்றில் அன்பர்கள் பெரிதும் விரும்பிக் கேட்பவை ஞானப்பால் உண்டதும், பொற்றாளம் பெற்றதும், அனல்வாதமும் புனல்வாதமும் ஆம். இன்று நாம் சிந்திக்கப் புகுவது அப்பிள்ளையைப் பெற்றெடுத்த சிவபாத இருதயரின் உள்ளத்தை. இங்கே அமர்ந்திருப்போருட் பலர் இளம்பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஆதலின் இப்பகுதி உங்களுக்கு நெருங்கிய பொருளாகும்.

ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இந்நிலம் இன்று தொழில் நிலமாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. தந்தைக்கு ஒரு ஷிப்டு, தாய்க்கு ஒரு ஷிப்டு என்று நாள் நடக்கின்றது. கம்பெனி பஸ் வரும் நேரமே வீட்டுக்குக் கடிகாரமாயிற்று. இந்த ஓட்டத்தினிடையேதான் ஐந்து வயதுக் குழந்தை முதல் வகுப்பிற்குப் போகின்றது.

இவ்வூர்ப்புறத்துத் தாய் ஒருவர் நம்மிடம் வந்து சொன்னார்: “ஐயா, என் பிள்ளை நேற்று வரை நான் ஊட்டினால்தான் சாப்பிடுவான். இப்போது காலையிலே பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொங்கலோ உப்புமாவோ, போட்டதைத் தானே சாப்பிட்டுவிடுகிறான். கேட் அருகே போனதும் என் கையை உதறிவிட்டு ஓடுகிறான், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனாலும் நெஞ்சை அடைக்கிறது. இது தப்பா?”

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழகமெங்கும் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவையே அவ்வம்மையார் குறித்தார். அது குழந்தையின் பசியைத் தீர்க்கின்றது. தாயின் கை ஓய்ந்துபோன ஏக்கத்திற்கு மருந்து எங்கே? நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பெரிய புராணத்துள் வைத்துச் சென்றிருக்கின்றார்.

முதலாவது காட்சி, சீகாழித் திருக்குளம். மூன்று வயதுப் பிள்ளை தந்தையைப் பின்தொடர்ந்து வருகின்றது. வேண்டாவென்று சினந்தார்போல் காட்டியும் நில்லாது அழுது, காலை உதைத்துக்கொண்டு வருகின்றது. தந்தை உடனழைத்துச் சென்று கரையிலே இருத்தித் தாம் நீருள் மூழ்குகின்றார். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். அவர் பிள்ளையைக் கரையில் விட்டார். நீரிலே விடவில்லை. திருக்கோயில் விமானம் தெரியும் இடத்திலே இருத்தினார். ஒரு கணம் அவர் மறைந்தார். அந்த ஒரு கணத்திலே பிள்ளை தோணிபுரச் சிகரத்தை நோக்கி “அம்மே! அப்பா!” என்றழைத்தது. அம்மையப்பர் எழுந்தருளினர். பெற்ற தந்தை சற்றே மறைந்த இடத்திலேதான் உலகத் தந்தை தோன்றினான்.

இரண்டாவது காட்சி இதனினும் அரியது. பாலுண்ட பின்னர்ச் சிவபாத இருதயர் தம் பிள்ளையைத் தோளின்மேல் வைத்துத் தலந்தோறும் கொண்டு சென்றார். எந்தத் தந்தைக்குத்தான் அந்தச் சுமை இனிக்காது? பெண்ணாகடத்தை வணங்கித் திருநெல்வாயில் அரத்துறைக்குப் புறப்படும்போது பிள்ளையார் தந்தையின் தோளில் ஏறவில்லை. நிலத்திலே நடந்தார். தாமரை போன்ற அடிகள் நொந்தன. தந்தையார் உள்ளம் வருந்தினார். சேக்கிழார் அவ்வருத்தத்தை மறைக்காது பதிவு செய்கின்றார். ஆனால் அத்தந்தை, “நீ நடக்கலாகாது, என் தோளுக்கு வா” என்று பிள்ளையைத் தடுத்ததாக அவர் பாடவில்லை. வருந்திக்கொண்டே உடன் நடந்தார் அத்தந்தை.

பின்னர் நிகழ்ந்தது யாது? மாறன்பாடியில் இரவு தங்கினர். அரத்துறைப் பெருமான் அவ்வூரார் கனவிலே தோன்றி, முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் முத்துச் சின்னமும் பிள்ளைக்கு அளிக்குமாறு பணித்தருளினான். பிள்ளை தந்தையின் தோளிலேயே இருந்திருப்பின் சிவிகைக்கு இடம் ஏது? நிலத்தில் இறங்கி நடந்த கால்களுக்கன்றோ முத்துச் சிவிகை வந்தது!

ஆகவே அம்மையாருக்கு நாம் சொன்ன விடை இது: “நெஞ்சு அடைப்பது தவறன்று அம்மா. சிவபாத இருதயருக்கும் அடைத்தது. அந்த அடைப்பைக் கொண்டு பிள்ளையின் காலைக் கட்டாமல் இருந்தாற் போதும்.”

இதற்குச் சித்தாந்த நுட்பம் ஒன்றுண்டு. இறைவன் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் மறைத்தலைக் கேட்டால் நமக்கு மனம் கலங்கும். நம்மைப் பெற்றவன் நம்மிடமிருந்து ஏன் மறைய வேண்டும்? உயிர் தன் வினையைத் தானே நுகர்ந்து, அறிந்து, பக்குவமடையும் பொருட்டே மறைகின்றான். மறைந்தானேயன்றி நீங்கினானில்லை. உள்நின்று இயக்கிக்கொண்டே இருக்கின்றான். ஆதலின் மறைத்தலும் அருளே என்பர் ஆன்றோர். பள்ளி வாயிலில் பிள்ளையை விட்டுவிட்டு, வேப்பமரத்தின் பின்னே நின்று, அது வகுப்பினுள் நுழைகின்றவரை பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகின்ற தாயை எண்ணிப் பாருங்கள். அவள் திரோதான சத்தியின் தொழிலைத் தன்னளவிலே செய்கின்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. திருப்பெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலே இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அதனை ஐந்து வயதுக் குழந்தை தனியே கடக்கட்டும் என்று விடுவது நீருள் விடுதலாகும். ஷிப்டு முடிந்து வரும்வரை வாடகை வீட்டிலே பூட்டி, கையிலே செல்போனைக் கொடுத்துவிடுவதும் கரையில் இருத்தியதாகாது. உங்களால் வர இயலாத நேரத்திற்கு அண்டை வீட்டு ஆத்தாளையோ உற்றாரையோ கரையாக்கிவிட்டுச் செல்லுங்கள்.

மற்றொரு புறம், பிள்ளைக்கு இயன்றதையும் நாமே செய்வது. பையைச் சுமந்து பெஞ்சு வரை போவது, வீட்டுப்பாடத்தை நாமே எழுதிவிடுவது, செருப்பை மாட்டிவிடுவது. நேரமில்லை, நாம் செய்தால் விரைவில் முடியும் என்பீர்கள். உண்மைதான். ஆயினும் பத்து நிமிடம் முன்னரே எழுப்பினால், இடவலம் மாறியாவது அப்பிள்ளை தானே செருப்பை மாட்டிக்கொள்ளும். அந்த மாறாட்டமும் ஒரு நடைதான். பாதம் சற்று நோகத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று. இந்நிலமே பெற்றோர் விட்டனுப்பிய பிள்ளைகளால் நிறைந்த நிலம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி திறக்கப்பெற்றது. ஆலைகளில் உழைக்கும் இளம்பெண்களுக்காகச் சிப்காட் அமைத்தது அது. அங்குத் தங்கும் ஒவ்வொரு மகளுக்கும் தொலைவூரிலே ஒரு தாய் உண்டு. அத்தாயும் ஒருநாள் ஒரு பள்ளி வாயிலில் கை விட்டவளே. இன்று உங்கள் கையினின்று நழுவும் ஐந்து விரல் நாளை நெடுந்தொலைவு செல்லும். செல்லும்போது எதைக் கொண்டு செல்லும் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடையாவது மூன்றாவது காட்சி. நெடுநாள் கழித்துச் சிவபாத இருதயர் பிள்ளையைக் காணும் ஆசையால் மதுரைக்கு வருகின்றார். அரசனும் வணங்கும் ஞானாசிரியராய் விளங்குகின்றது அன்று தோளிலிருந்த பிள்ளை. தந்தையைக் கண்டவுடன் அவர் நினைவு எங்கே சென்றது? சீகாழிக்கு. கழுமலத்துப் பெருமான் அம்மையோடு இனிதே வீற்றிருந்தருளினானா என்று பதிகத்தாலே வினவினார். தந்தை கைப்பிடித்துக் காட்டிய கரையையும், அக்கரையிலிருந்து தெரிந்த சிகரத்தையும் பிள்ளை மறக்கவில்லை. பெற்றவர்க்கு இதனினும் பெரிய பேறு ஏது?

ஆதலின் தாய்மார்களே! தந்தைமார்களே! காலையில் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இடுங்கள். சில நாளில் அது தானே இட்டுக்கொள்ள விடுங்கள், கோணலாயினும் திருத்தாதீர்கள். திருவைந்தெழுத்தைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளி வாயில் வரை கைப்பிடித்துச் செல்லுங்கள். வாயிலில் அது கையை உதறினால், உதறிய கையை வாழ்த்தி நில்லுங்கள். திரும்பிப் பாராமல் ஓடுகின்றதே என்று கலங்க வேண்டா. நீர் நிற்கின்றீர் என்ற துணிவினாலன்றோ அது திரும்பாமல் ஓடுகின்றது!

தோணியப்பர் திருவருளும் வல்லக்கோட்டை வேலவன் திருவருளும் உங்கள் பிள்ளைகளின் அடிதோறும் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.