துப்பறிவாளனும் கோமாளியும்

நன்கு பழகிய ஒன்றைப் பற்றித்தான் மனிதர் கேலி பேச முடியும். முன்பின் அறியாத ஒருவரின் நடையை நடித்துக் காட்டினால் எவரும் சிரிப்பதில்லை. ஊரறிந்த ஒருவரின் நடையை நடித்துக் காட்டினாலோ சிறு குழந்தையும் கைகொட்டி நகைக்கும். பகடி என்னும் கலைக்கு இதுவே முதல் விதி. அமெரிக்கத் துப்பறியும் படங்களை எள்ளி நகையாட எழுந்த நகைச்சுவைப் படங்கள் இவ்விதிக்குத் தக்க சான்றாக விளங்குகின்றன.

அத்தகைய துப்பறியும் படம் ஒன்றையேனும் முழுமையாகப் பாராதவரும் அதன் தோற்றத்தை அறிவர். இரவு நேரம், மழையில் நனைந்த தெரு, சாளரத் தட்டியின் இடுக்குகள் வழியே புகும் வெளிச்சம் சுவரிற் கோடு கோடாகப் படிகிறது. மேசையின் பின்னே ஒருவன் தொப்பியைக் கழற்றாமலே அமர்ந்து சிகரெட் புகைக்கிறான். கதவு திறக்கிறது. அழகிய பெண்ணொருத்தி உள்ளே வந்து தனக்கு ஆபத்து என்கிறாள். அவள் கூறுவது பொய் என்பது அவனுக்கும் தெரியும். படம் பார்ப்போருக்கும் தெரியும். ஆயினும் அவன் எழுந்து அவள் பின்னே செல்கிறான். கதை தொடங்கிவிடுகிறது.

இவ்வகைப் படங்களுக்கு வித்திட்டவை அமெரிக்க நாவல்களாகும். டாஷியல் ஹாமெட் என்பவர் பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்திற் பணியாற்றியவர். அந்த அனுபவத்தின் வலிமையோடு அவர் எழுதிய ‘மால்ட்டீஸ் பல்கன்’ என்னும் நாவல் 1930இல் நூலாக வெளிவந்தது. 1941இல் ஜோன் ஹியூஸ்டன் அதனைப் படமாக்கினார். அதுவே அவர் இயக்கிய முதற்படம். சாம் ஸ்பேட் என்னும் துப்பறிவாளனாக ஹம்பிரி போகார்ட் தோன்றினார். 1944இல் பில்லி வைல்டரின் ‘டபிள் இன்டெம்னிட்டி’யும், 1946இல் ரேமண்ட் சாண்ட்லரின் நாவலைத் தழுவி ஹவார்ட் ஹோக்ஸ் இயக்கிய ‘த பிக் சிலீப்’பும் வந்தன. ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஐரோப்பாவை விட்டு வெளியேறிய வைல்டர், பிரிட்ஸ் லாங், ரொபர்ட் சியோட்மாக் முதலிய இயக்குநர்கள், இருளையும் ஒளியையும் மோதவிடும் ஜெர்மானியப் படக்கலையை ஹொலிவூட்டுக்குக் கொணர்ந்தனர். போர் முடிந்தபின் இப்படங்கள் ஒருங்கே பாரிஸ் நகரை அடைந்தன. 1946இல் நீனோ பிராங்க் என்னும் விமர்சகர் இவற்றைப் ‘பிலிம் நுவார்’, அஃதாவது ‘கரும்படம்’, எனக் குறிப்பிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

கரும்படத்தின் நாயகன் செல்வனல்லன், அதிகாரம் உடையவனுமல்லன். பொலிசார் அவனை ஐயுறுகின்றனர். தீயோர் அவனை அடிக்கின்றனர். எனினும் அவனை விலைக்கு வாங்க எவராலும் இயலாது. கயமை மலிந்த நகரத்தின் தெருக்களில் மாசு படியாத ஒருவன் நடந்து செல்ல வேண்டும் எனச் சாண்ட்லர் 1944இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் வாதித்தார். போரையும் பொருளாதார வீழ்ச்சியையும் கண்ட மக்களுக்கு இத்தகைய மனிதன் ஓர் ஆறுதல். ஆயின், அந்த நேர்மையோடு வேறொன்றும் பிணைக்கப்பட்டிருந்தது. அவன் எவரையும் நம்புவதில்லை, எதற்கும் அஞ்சுவதில்லை, எவருக்காகவும் கலங்குவதில்லை. ‘மால்ட்டீஸ் பல்கன்’ படத்தின் முடிவில், தான் விரும்பிய பெண்ணையே சாம் ஸ்பேட் பொலிசாரிடம் ஒப்படைக்கிறான். அவள் கொலைகாரி, ஆகவே அவன் செய்தது முறையே. ஆனால், நேர்மையாக வாழ விரும்புபவன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் பாடமும் அக்காட்சியோடு சேர்ந்து வருகிறது. இந்தப் பாடம் சரியானதுதானா என்று வினவியவை நகைச்சுவைப் படங்களே.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். பகடி என்றவுடன் எள்ளல் ஒன்றே நினைவுக்கு வரும். ஆனால் கரும்படத்தை நகையாடிய படங்களுள் சிறந்தவை பேதைமையையும் மடனையும் துணைக்கு அழைத்தன. அறியாமை பேதைமை, பிறர் சொன்னதை அப்படியே நம்பிக் கொள்வது மடன். எல்லாம் அறிந்த, எவரையும் நம்பாத துப்பறிவாளனின் இடத்தில் ஒன்றும் அறியாத, எல்லாரையும் நம்பும் ஒருவனை அமர்த்தினால் என்ன நிகழும்?

கரும்படங்கள் புகழோடு ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1947இல், இவ்வினாவுக்கு விடையாக வெளிவந்தது ‘மை பேவரிட் புருனெட்’. எலியட் நியூஜென்ட் இயக்கிய இப்படத்திற் பொப் ஹோப் ரொனி ஜாக்சன் என்பவனாக நடித்தார். சான்பிரான்சிஸ்கோ நகரில் குழந்தைகளைப் படம் பிடித்துப் பிழைக்கும் சாதாரணப் புகைப்படக்காரன் அவன். துப்பறிவாளன் ஆவதே அவனது ஆசை. பக்கத்தில் உண்மையான துப்பறிவாளர் ஒருவரின் அலுவலகம் இருக்கிறது. அவர் வெளியூர் சென்ற வேளையில் அந்த அலுவலகத்தில் இருக்கும் ரொனியை, உதவி நாடி வந்த பெண்ணொருத்தி துப்பறிவாளர் என்றே எண்ணிவிடுகிறாள். டொரத்தி லமூர் ஏற்ற வேடம் அது. அவனும் அவளது தவறைத் திருத்தவில்லை.

கதை தொடங்கும்போது ரொனி மரண தண்டனைக் கைதி. சிறையிலிருந்தவாறு நடந்தவற்றைப் பத்திரிகையாளரிடம் கூறுகிறான். இதுவும் கரும்படத்தின் வழக்கமே. ‘டபிள் இன்டெம்னிட்டி’யில் குண்டடி பட்டவன் ஒலிப்பதிவுக் கருவியின்முன் அமர்ந்து தன் குற்றத்தை எடுத்துரைக்கிறான். சாவின் வாயிலில் நிற்பவன் கூறும் கதைக்குத் தனிக் கனம் உண்டு. அந்தக் கனத்தை ஹோப்பின் நடுங்கும் குரல் குலைத்துவிடுகிறது. 

இப்படத்தின் நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. அடுத்த அலுவலகத் துப்பறிவாளராகச் சிறிது நேரம் தோன்றுபவர் அலன் லாட்; உண்மையான கரும்படங்களின் நாயகர். கத்தி வீசும் கொடியவனாக வருபவர் பீட்டர் லோரே. ‘மால்ட்டீஸ் பல்கன்’ படத்தில் போகார்ட்டை எதிர்த்து நின்ற அதே நடிகர். லோரே இங்கே கோமாளித்தனம் செய்வதில்லை. மெய்யான கரும்படத்தில் நடிப்பது போன்றே கண்களை அரைவாசி மூடி, மெல்லிய குரலில் அச்சுறுத்துகிறார். சூழல் முழுவதும் உண்மை. நடுவில் நிற்கும் ஆள் மட்டுமே பொருந்தாதவன். சிரிப்பு அப்பொருத்தமின்மையிற் பிறக்கிறது. சுற்றிலும் உள்ளோர் அனைவரும் கோமாளிகளாக இருந்திருந்தால் ஹோப்பின் அச்சத்துக்கு இடமிராது. அச்சம் இல்லையேல் சிரிப்பும் இராது.

மேலும், ரொனி அப்பெண்ணை நம்புகிறான். பகைவர் அவளுக்குச் சித்தப் பிரமை என்று கூறும்போது சிறிது நேரம் அதனையும் நம்புகிறான். மடன் என்பதற்கு இதைவிடச் சிறந்த உருவம் காண்பது அரிது. ஆயினும் அவள் கூறியதே உண்மையாகிறது, அவள் வஞ்சகியல்லள். சாம் ஸ்பேட் போன்ற ஒருவன் அவளை முதற்கணத்திலேயே ஐயுற்றிருப்பான். அந்த ஐயத்தில் ஓர் அப்பாவியைக் கைவிட்டும் இருப்பான். அறிவாளியின் ஐயம் தவறக்கூடிய இடத்திற் பேதையின் நம்பிக்கை வெல்கிறது. உயிருக்கு அஞ்சி நடுங்குபவனும், நடுங்கிக்கொண்டே, செய்யவேண்டியதைச் செய்கிறான். நேர்மைக்குக் கல்நெஞ்சு வேண்டியதில்லை என்பதை எவ்விதப் பிரசங்கமும் இன்றி இப்படம் காட்டிவிடுகிறது.

ஆறு ஆண்டுகளின் பின், 1953இல், வின்சென்ட் மினெல்லியின் ‘த பாண்ட் வாகன்’ என்னும் இசைப்படம் வேறொரு வழியை மேற்கொண்டது. அதன் இறுதிப் பகுதியில் மிக்கி ஸ்பிலேனின் முரட்டுத் துப்பறியும் நாவல்களைக் கேலி செய்யும் நடன நாடகம் ஒன்று இடம்பெறுகிறது. நடனம் அமைத்தவர் மைக்கல் கிட். துப்பறிவாளனாகப் பிரெட் அஸ்டேர் கரகரத்த வசனங்களைப் பின்னணியிற் பேசியவாறு ஆடுகிறார். பொன்னிறக் கூந்தலாளாகவும் கருங்கூந்தலாளாகவும் இரு வேடங்களில் வருபவர் சிட் சரீஸ் ஒருவரே. நல்லவள், தீயவள் என்று கரும்படம் பெண்களைப் பிரித்து வைக்கும் வழக்கத்தை, ஒரே நடன மங்கைக்கு இரண்டு நிறக் கூந்தலை அணிவித்து அப்படம் நகையாடிவிட்டது.

1970களில் இத்தகைய பகடிகள் மீண்டும் தோன்றின. 1975இல் வந்த ‘த பிளாக் பேர்ட்’ சாம் ஸ்பேடின் மகனைப் பற்றிய கதை. பழைய படத்தில் நடித்த எலைஷா குக்கும் லீ பற்றிக்கும் தம் பழைய வேடங்களையே இதில் மீண்டும் ஏற்றனர். 1978இல் நீல் சைமன் எழுதிய ‘த சீப் டிடெக்டிவ்’ படத்திற் பீட்டர் போக் நாயகனாக நடித்தார். இவற்றிற் சிரிப்பு உண்டு. ஆயின் இரண்டும் வண்ணப்படங்கள். வெளிச்சம் பரவிய வண்ணத்திற் கரும்படத்தின் இருள் மறைந்துவிடுகிறது. இருள் மறையவே, கேலி செய்யப்படும் பொருளும் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. பழைய நடிகர்களை அழைத்து வந்தால் மட்டும் போதாது. பழைய ஒளியையும் அழைத்து வரவேண்டும்.

அதனைச் செய்து காட்டியது 1982இல் கார்ல் ரைனர் இயக்கிய ‘டெட் மென் டோன்ட் வெயர் பிளெய்ட்’. இறந்தவர்கள் கட்டம் போட்ட துணி அணிவதில்லை என்பது அத்தலைப்பின் பொருள். ரிக்பி ரியர்டன் என்னும் துப்பறிவாளனாக ஸ்டீவ் மார்ட்டினும், அவனை நாடிவரும் பெண்ணாக றேச்சல் வார்ட்டும் நடித்தனர். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்திற் பதினைந்துக்கும் மேற்பட்ட பழைய படங்களின் துண்டுகள் நேரடியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஹம்பிரி போகார்ட், இங்கிரிட் பேர்க்மன், பார்பரா ஸ்டான்விக், பேர்ட் லங்காஸ்டர் முதலியோர் மார்ட்டினுடன் உரையாடுவது போலத் தோன்றுகின்றனர். போகார்ட் 1957இலேயே காலமானவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இது எவ்வாறு இயன்றது? திரைப்படத்தில் இருவர் உரையாடும்போது கமரா முதலில் ஒருவர் முகத்தையும், பின்னர் மற்றவர் முகத்தையும் காட்டுவது வழக்கம். இருவரும் ஒரே அறையில் இருப்பதாகப் பார்ப்போரின் மனம் தானே இணைத்துக் கொள்கிறது. ரைனர் குழுவினர் பழைய படத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்து, எதிர்முகத்தைப் புதிதாகப் படம் பிடித்தனர். விளக்கின் திசை, நிழலின் அடர்த்தி, உடை, அறையின் அமைப்பு ஆகிய அனைத்தும் ஒத்திருந்தாலன்றி இந்த இணைப்பு நில்லாது. ஒளிப்பதிவாளர் மைக்கல் சப்மன் அந்தப் பழைய ஒளியை மீண்டும் உருவாக்கினார். உடைகளை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். இசையமைத்தவர் மிக்லோஸ் ரோசா. 1944இல் ‘டபிள் இன்டெம்னிட்டி’க்கு உடையும் இசையும் தந்த அதே இருவர். ஈடித் ஹெட் 1981இற் காலமானார். அவர் பணியாற்றிய இறுதிப் படமான இது அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ரோசா இசையமைத்த இறுதித் திரைப்படமும் இதுவே.

இப்படத்தில் ஒரு காட்சி சிறப்பாகக் கருதத்தக்கது. ‘டபிள் இன்டெம்னிட்டி’யிற் பிரெட் மக்மரே, தன்னைக் கொலைக்குத் தூண்டும் பெண்ணிடம் மோகம் ததும்பப் பேசுகிறார். ரைனரின் படத்தில் அதே மக்மரே, அதே சொற்களைப் பேசுகிறார். எதிரே நிற்பவரோ பொன்னிறப் பொய்முடி அணிந்த ஸ்டீவ் மார்ட்டின். மக்மரேயின் முகத்தில் ஒரு தசையும் மாறவில்லை. அவர் குரலில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. கேட்பவர் மாறினார், பேச்சின் பொருளே மாறிவிட்டது. முதற்படத்தில் அழிவின் முன்னறிவிப்பாக ஒலித்த சொற்கள் இங்கே நகைப்புக்கு இடமாகின்றன. அச்சொற்களின் கம்பீரம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விமர்சனக் கட்டுரையும் விளக்கிவிட முடியாது.

இவ்வாறு சிரித்தபின் பழைய படங்கள் மதிப்பிழந்து போகின்றனவா? போவதில்லை. அரை மாத்திரை ஒளி பிசகாமல் ஒன்றை மீண்டும் படைக்க முனைபவருக்கு அதன்மீது பற்று இருந்தே ஆகவேண்டும். வெறுப்பவர் அத்தனை உழைப்பை அதற்காகச் செலவிடார். பகடி ஒரு சல்லடை போன்றது. ‘மால்ட்டீஸ் பல்கன்’ போன்ற ஒரு படத்தை அதிலிட்டுச் சலித்தால், எவரையும் நம்பாத செருக்கும், பெண்ணென்றால் வஞ்சகி என்னும் முடிவும், கலங்குவது இழிவு என்னும் எண்ணமும் உமியாகப் பறந்துவிடும். விலைபோகாத சிறிய மனிதன் ஒருவன் மட்டும் எஞ்சி நிற்பான். போகார்ட்டின் முகத்தில் அவனை மதிக்கக் கற்றவர்கள், பொப் ஹோப்பின் நடுங்கும் முழங்கால்களிலும் அவனை அடையாளம் கண்டுகொள்வார்கள்.